535 கிலோவாட்டும் வான் ரீனன் ஏற்றமும்

நேற்று டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் சாப்பாடு முடிந்து கை காய்வதற்குள் மச்சான் போனை நீட்டினான். புது பிஎம்டபிள்யூ எம்5. சக்தி 535 கிலோவாட், எடை இரண்டு டன்னுக்கும் மேல். "செடான்னா இதுதான்டா!"

எனக்கு 1980களில் தென்னாப்பிரிக்காவுக்கென்றே வந்த பிஎம்டபிள்யூ 333i கார் ஞாபகம் வந்தது. 3.2 லிட்டர், 145 கிலோவாட். அன்றைக்கு அதுவே ராட்சசன்.

என் பழைய காரும் கிட்டத்தட்ட அந்தச் சக்திதான், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ கிடையாது. டர்பன் கடற்கரையில் சிங்கம். ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலையில் ஏறி, வான் ரீனன் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, மூன்றாவது கியருக்கு இறக்கி மிதித்தால் சத்தம்தான் முதலில் வரும், வேகம் யோசித்துவிட்டு வரும். ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டர் உயரம். காற்று மெலிந்து, சக்தியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போய்விடும். டர்போ வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் வேக வரம்பு 120. டன்னுக்கு 100 கிலோவாட் இருந்தால் லாரியைத் தாண்டவும் வளைவில் விளையாடவும் தாராளம். மிச்சத்தை எங்கே போய் மிதிப்பது, கேமராவுக்கு முன்னாடியா?

இதைச் சொன்னதும் மச்சான் வாசலுக்குப் போய் என் காரைச் சுற்றி வந்தான். "நீ முதல்ல டயர மாத்துடா."

வழுக்கையாகத்தான் கிடக்கிறது.