மஞ்சள் மண்டி சர்வரில் ஒரு ஞாயிறு

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டி. யாரோ எப்போதோ பிஎச்பி மொழியில் எழுதிக் கொடுத்த கணக்கு மென்பொருள், சென்ட்ஓஎஸ் 7 என்ற இயங்குதளம் போட்ட சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. 2024 ஜூனோடு அந்த இயங்குதளத்துக்கு அப்டேட் நின்றுவிட்டதால், புது மெஷினுக்கு மாற்றித் தரச் சொன்னார்கள். ஞாயிறு மண்டிக்கு லீவு, சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்று போனேன்.

உபுண்டு 24.04 இயங்குதளம், அப்பாச்சி வெப் சர்வர், பிஎச்பி 8.3, மரியாடிபி 10.11 டேட்டாபேஸ் எல்லாம் சொன்னபடி ஏறின. டேட்டாவையும் ஏற்றிவிட்டுத் திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம். பிழைகள் பதிவாகும் எரர் லாகில், டேட்டாபேஸோடு இணைக்கும் மைஎஸ்கியூஎல் கனெக்ட் என்ற ஃபங்ஷனே இல்லை என்று இருந்தது. அந்த ஃபங்ஷன் குடும்பத்தையே பிஎச்பி 7-ல் தூக்கிவிட்டார்கள். ஒவ்வொரு கோப்பாகத் திருத்த யாருக்குப் பொறுமை? அதே பெயர்களில் ஃபங்ஷன்கள் எழுதி, உள்ளே அவற்றின் புது வடிவமான மைஎஸ்கியூஎல்ஐ-யைக் கூப்பிடும்படி ஒரு கோப்பு செய்து, எல்லாப் பக்கத்துக்கும் முன்னால் அது ஓடும்படி வைத்தேன். ஒட்டுப்போட்ட வேலைதான். பழைய கோட், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பெயரிலேயே டேட்டாபேஸுக்குள் போய்வந்துகொண்டிருந்தது. அதற்குத் தனி யூசர் போட்டேன்.

பக்கம் வந்தது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளி, "ஏனுங்க தம்பி, விவசாயிங்க பேரெல்லாம் என்னமோ மாதிரி இருக்குதுங்களே?" என்றார்.

பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம், தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'வும் வட்டத்துக்குள் 'ஆர்'உம்தான். எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். அந்த பைட்டுகளைத் தனித்தனி லத்தீன் எழுத்தாகப் படித்தால் இப்படித்தான் தெரியும். பழைய டேபிள்கள், எழுத்துக்கு ஒரு பைட் என்று வைக்கும் லத்தீன்1, கனெக்‌ஷனும் லத்தீன்1. போட்ட பைட்டையே திருப்பிக் கொடுத்ததால் இத்தனை வருடமும் பிரவுசரில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்திருக்கிறது. நான் டம்ப் (டேட்டா முழுவதையும் ஒரு கோப்பாக இறக்குவது) எடுத்தபோது அந்தக் கருவி, இது லத்தீன்தானே என்று நம்பி, யூடிஎஃப்-8 ஆக மறுபடியும் மாற்றிவிட்டது.

பழைய சர்வரில் கைவைக்காமல் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. டம்ப்பை லத்தீன்1 என்றே சொல்லி மறுபடி எடுத்தேன். பைட் அப்படியே வந்தது. கோப்புக்குள் லத்தீன்1 என்று அறிவிக்கும் வரிகளை மட்டும் யூடிஎஃப்8எம்பி4 (டேட்டாபேஸில் யூடிஎஃப்-8-க்குப் பெயர்) என்று மாற்றி ஏற்றினேன். முதலாளி நாலைந்து ஊர்க்காரர்களின் கணக்கைத் திறக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் டீ சொன்னார்.

திங்கள் காலை ஏழு மணிக்கே போன். பில் ஏறவில்லையாம். மூட்டை எண்ணிக்கையைக் காலியாக விட்டால் பழைய டேட்டாபேஸ் பேசாமல் 0 போட்டுக்கொள்ளும்; புதியது கறாராக மறுக்கிறது. கறாரைத் தளர்த்த வழி உண்டு, ஆனால் பணக் கணக்கில் அதைச் செய்ய மனமில்லை. படிவத்தையே திருத்தி, எண்ணிக்கை இல்லாமல் சேமிக்க முடியாதபடி செய்தேன். கணக்குப்பிள்ளைக்கு என் மேல் இன்னும் கோபம். பழைய மெஷினை நெட்வொர்க்கிலிருந்து கழற்றி, ஒரு மாதம் அப்படியே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.