பெண்டுலம்: மார்ச் குறிப்புகள்
(மேடையில் வைக்கும் பிளைவுட் பெட்டிக்குள் ஆடுவதற்கு)

மார்ச் 3
தொங்கும் இடத்திலிருந்து குண்டின் நடு வரை 45 செ.மீ. போய்த் திரும்ப 1.35 விநாடி. குண்டைக் கனமாக்கினாலும் இது மாறாது, நீளத்தை மாற்றினால்தான் மாறும். 25 செ.மீ. என்றால் 1 விநாடி, 99.4 என்றால் 2. பெட்டியின் உயரம் 70. ஆகவே 45தான்.

மார்ச் 4
நிமிடத்துக்கு 60 சுற்று சுற்றும் கியர் மோட்டார், சுழற்சியை முன்பின் அசைவாக்கும் கிராங்க், இணைப்புக்கு சைக்கிள் ஸ்போக். ஆடுகிறது, ஆனால் தள்ளி ஆட்டுவது பார்த்தவுடன் தெரிகிறது. மோட்டார் விநாடிக்கு ஒரு ஆட்டம் கேட்கிறது, நீளம் 1.35 கேட்கிறது. இந்தச் சண்டையில் பெட்டி குலுங்குகிறது. வோல்ட்டைக் குறைத்து 44 சுற்றுக்குக் கொண்டுவந்தால் குலுக்கல் நிற்கிறது. ஆனால் திசை திரும்பும்போதெல்லாம் கியர் பல்லில் ஒரு ‘டக்’. பிளைவுட் அதைக் குடம் போலப் பெருக்குகிறது.

மார்ச் 5
மோட்டாருக்கு அடியில் சைக்கிள் ட்யூப். சத்தம் பாதி. போதாது.

மார்ச் 6
மோட்டாரைக் கழற்றியாச்சு. பெண்டுலம் தானே ஆடட்டும். அது இழப்பதை மட்டும் கொடுத்தால் போதும்.

முதலில் இழப்பைக் குறைக்கணும். 8 செ.மீ. இழுத்து விட்டு, 4 ஆகும் வரை எண்ணியது: ஆணிக் கொக்கியில் 22 ஆட்டம். 608 பேரிங், கிரீஸோடு 30, மண்ணெண்ணெயில் கழுவிய பின் 70. எக்ஸ்ரே ஃபிலிம், 1 செ.மீ. அகலப் பட்டை, மேலும் கீழும் மரத்துண்டுகளுக்கு நடுவே இறுக்கியது: 140! பட்டை கோணலாக மாட்டினால் குண்டு முறுக்கிக்கொண்டு எட்டு போடும்.

மார்ச் 8
குண்டில் ஒரு காந்தம், அதைத் தள்ள அடியில் ஒரு கம்பிச் சுருள். 34 கேஜ் எனாமல் கம்பி 50 கிராம், சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது. 10 மி.மீ. குழாயில் 1200 சுற்று, சுமார் 30 ஓம். நடுவில் இரும்பு வைக்கவே கூடாது. வைத்தால் காந்தம் அதோடு ஒட்டப் பார்க்கும். காந்தத்துக்கும் சுருளுக்கும் இடைவெளி 6 மி.மீ.

மார்ச் 9
சுருளுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர், பிசி547, கருகிவிட்டது. அதன் வரம்பு 100 மில்லி ஆம்பியர், சுருள் 5 வோல்ட்டில் 160 இழுக்கிறது. பதிலாக 2என்2222 டிரான்சிஸ்டர் போட்டாச்சு, அதன் பேஸ் முனையில் 470 ஓம் ரெசிஸ்டர். சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு. டையோடு போடாவிட்டால் இந்த டிரான்சிஸ்டரும் போகும்.

மார்ச் 10
காந்தம் வருவதை உணரும் ஏ3144 ஹால் சென்சார் சுருளின் நடுவில். காந்தம் சென்சாரை விட்டு விலகும் கணத்தில் ஆர்டுயினோ நானோ என்ற சின்னக் கணினிப் பலகை சுருளுக்கு 25 மில்லி விநாடி மின்சாரம் விடுகிறது. விலக்குவிசை என்பதால் இடம், வலம் இரண்டு பக்கமும் ஒரே தள்ளல் போதும். முதலில் பெண்டுலம் நின்றே போனது. சுருளின் இரு முனைகளையும் மாற்றியதும் சரி. சுருளின் காந்தப்புலமே சென்சாரை ஏமாற்றுவதால், ஒவ்வொரு தள்ளலுக்கும் பிறகு 400 மில்லி விநாடி சென்சாரைக் கவனிக்கக் கூடாது.

மார்ச் 11
பெண்டுலம் நின்றுவிடுகிறது. ஏன்?

மார்ச் 12
அலுமினியத் தகடு! அழகுக்காக அடியில் ஒட்டியது. காந்தம் அதைக் கடந்து போகும்போதெல்லாம் தகட்டில் சுழல் மின்னோட்டம் எழுந்து பிரேக் போடுகிறது. எடுத்ததும் 140 ஆட்டம் திரும்பி வந்தது. பித்தளை, செம்பு எதுவானாலும் இதே கதைதான். தங்க பெயின்ட் அடித்த அட்டை போதும்.

மார்ச் 14
ஒவ்வொரு முறையும் தள்ளினால் வீச்சு ஏறிக்கொண்டே போய்ப் பக்கப் பலகையில் இடிக்கிறது. ஹிப் என்பவர் 19ஆம் நூற்றாண்டிலேயே தன் மின்கடிகாரத்தில் இதற்கு வழி கண்டார்: வீச்சு குறைந்தால் மட்டும் தள்ளு. இங்கே அதை நேரத்தால் அளக்கலாம். 8 செ.மீ. வீச்சில் காந்தம் சென்சார் மேல் 32 மில்லி விநாடி இருக்கிறது, 6 செ.மீ.யில் 43. எனவே 36-ஐத் தாண்டினால் மட்டும் ஒரு தள்ளல். இப்போது சில ஆட்டத்துக்கு ஒருமுறைதான் சுருள் வேலை செய்கிறது. சத்தமே இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

மார்ச் 15
பெட்டி ஆடினால் பெண்டுலத்தின் பலம் அதற்குப் போகிறது. நான்கு காலுக்கும் அட்டை ஆப்பு. மேடைப் பலகையிலும் வைக்கணும்.

மார்ச் 16
தானாகத் தொடங்காது. திரை ஏறும் முன் யாராவது கையால் 8 செ.மீ. இழுத்து விடணும். யார்?

மார்ச் 17
இன்னும் 5 நாள். மேடை விளக்கின் சூட்டில் எக்ஸ்ரே ஃபிலிம் தளருமா? நாளை 500 வாட் விளக்குக்குக் கீழே ஒரு மணி நேரம். மாற்றுப் பட்டை இரண்டு வெட்டி வைத்தாச்சு.