டி.சி.-6: வயிற்றுப் பக்கம் ஓடும் காற்று

சுபாங் விமான நிலையத்தின் ஹேங்கர்களுக்கு, அதாவது விமானம் பழுதுபார்க்கும் கொட்டகைகளுக்கு, பயிற்சிக்குப் போகும் நம் பிள்ளைகள், அதற்கு முன் டக்ளஸ் டி.சி.-6 விமானத்தின் இரண்டு விபத்துகளையாவது ஊன்றிப் படித்துவிட வேண்டும். எரிபொருள், சூடேற்றி, காற்றழுத்தம் மூன்றையும் தனித்தனிப் பாடமாகவே படிக்கிறோம். விமானத்தில் அவை ஒரே காற்றில் கலந்து கிடக்கின்றன.

டி.சி.-6 பயணிகளை ஏற்றத் தொடங்கியது 1947இல். அதே ஆண்டு மலாயன் ஏர்வேஸ் சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று ஓட்டிய ஏர்ஸ்பீட் கான்சல் விமானத்தில் ஐந்து பயணிகளுக்குத்தான் இடம். டி.சி.-6இலோ ஐம்பது பேர் வரை உட்காரலாம். நான்கு எஞ்சின்கள், காற்றழுத்தம் கட்டிய அறை, உள்ளேயே பெட்ரோலை எரித்துக் காற்றைச் சூடாக்கும் சூடேற்றி. அந்தச் சூடேற்றிக்கு வெளிக்காற்றை வாங்கித்தர விமானத்தின் உடலில் ஒரு வாய் வைத்திருந்தார்கள்.

1947 அக்டோபர் 24. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சிகாகோ போன யுனைடெட் ஏர்லைன்ஸின் 608ஆம் எண் டி.சி.-6 விமானத்தில் தீ. யூட்டா மாநிலத்தின் பிரைஸ் கேன்யன் விமான நிலையத்துக்குச் சுமார் 2.4 கி.மீ. இருக்கையில் விழுந்தது; 52 பேரும் இறந்தனர்.

நடந்தது இதுதான். எரிபொருள் குறையக் குறையக் காற்று உள்ளே வர வேண்டும் என்பதால் எந்தத் தொட்டிக்கும் ஒரு மூச்சுக்குழாய் உண்டு. நான்காம் எண் மாற்றுத் தொட்டி என்ற கூடுதல் எரிபொருள் தொட்டியிலிருந்து மூன்றாம் எண் மாற்றுத் தொட்டிக்குப் பெட்ரோலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது நிரம்பிய பிறகும் பம்பு ஓடினால், மிச்சம் மூச்சுக்குழாய் வழியே வெளியே கொட்டும். விமானம் தரையில் நின்றால் அது கீழே சொட்டிவிடும், மூக்குக்கும் தெரியும். பறக்கும்போதோ காற்று அதை உடலோடு ஒட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது. பின்னால் திறந்திருந்தது சூடேற்றியின் அந்த வாய். பெட்ரோல் உள்ளே போய்ப் பற்றிக்கொண்டது.

பம்பை நிறுத்த மறந்த கை யாருடையது என்று தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை. எந்தக் கையும் ஒருநாள் மறக்கும். மூச்சுக்குழாயையும் காற்று வாயையும் ஒரே காற்றோட்டத்தில் முன்பின்னாக வைத்ததுதான் குறை.

எரிந்து சிதறிய உடைசல்களிலிருந்து இதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. 18 நாள் கழித்து, நவம்பர் 11ஆம் தேதி, அமெரிக்கன் ஏர்லைன்ஸின் டி.சி.-6 ஒன்று அதேபோல் தீப்பிடித்து, நியூ மெக்சிகோவின் கேலப்பில் பத்திரமாக இறங்கியது. அதிலிருந்த 25 பேரும் தப்பினர். ஆய்வாளர்கள் கையில் முழு விமானமே கிடைத்தது. டி.சி.-6கள் எல்லாம் தரையில் நிறுத்தப்பட்டன. மூச்சுக்குழாய்களை இடம் மாற்றிய பின், 1948 மார்ச்சில்தான் மறுபடி பறந்தன.

மூன்றே மாதத்தில் அடுத்தது. 1948 ஜூன் 17, யுனைடெட்டின் இன்னொரு டி.சி.-6, 624ஆம் எண், பென்சில்வேனியாவின் மவுண்ட் கார்மல் அருகே. முன் சரக்கறையில் தீ என்று எச்சரிக்கை வர, விமானிகள் தீயணைக்கும் கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) புட்டிகளை அதற்குள் திறந்துவிட்டார்கள். உண்மையில் தீயே இல்லை.

வரிசை முக்கியம். முதலில் அறையின் அழுத்தம் தணிக்கும் வால்வுகளைத் திறக்க வேண்டும், பிறகுதான் புட்டி. வால்வு மூடியிருந்தால் வாயு வெளியேற வழியில்லை. சரக்கறையிலிருந்து கசிந்து விமானி அறைக்கு ஏறிவிடும். 624இல் வால்வுகளைத் திறக்கவில்லை. அவசரமாக இறங்கும்போதே விமானிகள் நினைவு தடுமாறியிருக்கிறார்கள். மின்மாற்றி ஒன்றில் மோதி 43 பேரும் மாண்டார்கள்.

கரிவளி காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. காற்றில் 5 விழுக்காடு சேர்ந்தாலே மூச்சு வாங்கும், தலை வலிக்கும். 10 விழுக்காட்டில் சில நிமிடங்களில் நினைவு தப்பும். தடுமாறுகிறோம் என்பதே தடுமாறுகிறவனுக்குத் தெரியாது, அதுதான் கொடுமை.

ஆகவே புகையோ தீயோ என்றால் உயிர்வளி (ஆக்சிஜன்) முகமூடிதான் முதலில், அதுவும் 100 விழுக்காடு உயிர்வளி தரும் நிலையில். சாதாரண நிலையில் விட்டால் முகமூடி அறைக்காற்றையும் கலந்தே தரும். எந்த வாயுவுக்குப் பயந்து மாட்டினோமோ அதையே மூச்சில் இழுப்போம். ஹேங்கரில் முகமூடியைச் சோதிக்கும்போது இந்த நிலையை மாற்றும் திருப்பியை இரண்டு நிலைக்கும் மாற்றிப் பாருங்கள். மூச்சுக்குழாய் ஒன்றைக் கண்டால், அதன் பின்னால் உடலோடு கையை ஓட்டி, அடுத்த துளை எது, அது எங்கே போகிறது என்று கேளுங்கள்.