டாப்ளர் நம்பருக்குப் பக்கத்துல ஹெமடோக்ரிட்டும் வேணும்

பெரிய தமனியில விஸ்காசிட்டிக்கு, அதாவது ரத்தத்தோட கெட்டித்தன்மைக்கு, பெருசா வேலை இல்லைன்னுதான் நானும் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன், ஓட்டத்துக்கான எதிர்ப்பெல்லாம் ஆர்டீரியோல்ங்கிற குட்டித் தமனிகள்லதான இருக்கு, கழுத்துல இருக்குற கரோடிட் தமனியில ரத்தம் கெட்டியா போனா என்ன நீர்த்துப் போனா என்னன்னு. ஆனா அளக்கும்போது அது அப்படி விடுற விஷயமே இல்ல. அந்தக் கெட்டித்தன்மையை முக்கியமா தீர்மானிக்கிறது ஹெமடோக்ரிட், அதாவது ரத்தத்துல சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம்ங்கிறது.

டாப்ளர் அல்ட்ராசவுண்ட் காட்டுறது ரத்தம் ஓடுற வேகத்தைத்தான். ஃப்ளோங்கிறது (செகண்டுக்கு எவ்வளவு ரத்தம் போகுதுன்னு) நாம சராசரி வேகத்தைக் குறுக்குவெட்டுப் பரப்பால பெருக்கி எடுக்குறது. 6 மி.மீ. விட்டம்னா பரப்பு 0.28 சதுர செ.மீ. நட்ட நடுவுல ஒரு கணத்துல செகண்டுக்கு 60 செ.மீ. வேகம்னு வைங்க, ஓட்டம் பரவளையமா (நடுவுல வேகமா, சுவரை நெருங்க நெருங்க குறைஞ்சு) இருந்தா சராசரி அதுல பாதி, செகண்டுக்கு 8.5 மி.லி. வரும், எல்லா இடத்துலயும் ஒரே வேகத்துல தட்டையா மொத்தமா தள்ளிட்டுப் போனா 17 கிட்ட வந்துடும். ஒரே ரீடிங், ரெண்டு மடங்கு வித்தியாசம்! (விட்டத்துல 5 சதவீதம் தப்பினாலே ஃப்ளோ 10 சதவீதம் தப்பும், அது தனிக் கவலை.)

நிஜ வடிவம் துடிப்போட மாறிக்கிட்டே இருக்கும். துடிப்போட ஓடுற ரத்தத்துக்கு 1955ல வோமர்ஸ்லிங்கிற கணிதவியலாளர் போட்ட கணக்குல, அவர் பேர்ல இருக்குற எண்ணுக்குள்ள விஸ்காசிட்டி வர்க்கமூலமா கீழ உட்கார்ந்திருக்கு. ரத்தம் நீர்த்தா எண் ஏறும், துடிப்போட வடிவம் தட்டையாகும். ரத்தசோகை இருக்கவங்களுக்கு இதயமும் அதிகமா பம்ப் பண்ணும், வேகமும் ஏறும், அதை தமனி சுருங்கினதால வந்த அடைப்புன்னு படிச்சிடக் கூடாதுங்க.

எனக்கு இதைவிட உறுத்துறது வால் ஷியர் ஸ்ட்ரெஸ், அதாவது ஓடுற ரத்தம் தமனிச் சுவரை உரசி இழுக்குற அளவுதான். சுவர் ஓரத்துல வேகம் எவ்வளவு சடார்னு மாறுதுன்னு பார்த்து அதை விஸ்காசிட்டியால நேரடியா பெருக்குறாங்க, அந்த விஸ்காசிட்டி பல நேரம் எல்லாருக்கும் பொதுவா வச்ச 3.5 சென்டிபாய்ஸ். ஒருத்தருக்கு நிஜத்துல 2.5தான்னா விடை 40 சதவீதம் கூடிப் போகும், இத்தனைக்கும் ப்ரோப் பிடிச்சதுல ஒரு தப்பும் இருக்காது.

ஒரே எண்ணா வைக்கிறதும் வேகமா ஓடுற இடத்துல ஓரளவு சரி. கரோடிட் பல்ப் (அந்தத் தமனி ரெண்டா பிரியுற இடத்துல உப்பின பகுதி) மாதிரி ஓட்டம் சுழன்று தயங்குற இடத்துல சிவப்பணுக்கள் காசு அடுக்கின மாதிரி ஒட்டிக்கும், விஸ்காசிட்டி ஏறிடும். கொழுப்புத் திட்டு படியுறதும் பெரும்பாலும் அங்கதான்.

அதனால இப்பல்லாம் ஃப்ளோ எழுதுற ஒவ்வொரு வரியிலயும் அன்னைக்கு எடுத்த ஹெமடோக்ரிட்டையும் சேர்த்தே எழுதிடறேன், ரெண்டு மாசம் கழிச்சு அதே ஆளை மறுபடி பார்க்கும்போது நம்பர் மாறியிருந்தா முதல்ல அந்தக் கட்டத்தைத்தான் தேடுவேன்.