அரண்மனைக்கு ஒரு டிக்கெட்

கீழக்கரையிலிருந்து திருப்புல்லாணி வழியாக இராமநாதபுரம் போகிற பஸ்ஸில் ஆறு வருஷம் பள்ளிக்கூடம் போய் வந்தவன் நான். கண்டக்டரிடம் சில்லறையை நீட்டி "அரண்மனைக்கு ஒண்ணு" என்பேன். அரண்மனை என்றால் எனக்கு அது ஒரு ஸ்டாப். இறங்கினால் பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி நிற்கிற கூட்டம். அந்த இடத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று நம் பழைய மாணவர் சங்கச் செயலாளர் மூன்று முறை வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டார். ஹெட்மாஸ்டரையும் விளையாட்டு விழாவையும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு சுவரைப் பற்றி எழுதுகிறேன்.

1979 என்று ஞாபகம். ஒன்பதாம் வகுப்பு. ட்ராயிங் சார் ஒரு மத்தியானம் எங்களை வரிசையாக நடத்தி, கடைகளைத் தாண்டி, ஒரு பெரிய வாசலுக்குள் கூட்டிப்போனார். இராமலிங்க விலாசம், இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி ராஜாக்களின் கொலுமண்டபம். அதற்கு முந்தின வருஷம்தான் தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக எடுத்துக்கொண்டிருந்தது. வெளியே தார் ரோடு கொதிக்கிறது, உள்ளே தரை ஜில்லென்று இருக்கிறது. முதலில் எங்களுக்குப் பிடித்தது அந்தக் குளிர்ச்சிதான். படத்தைப் பார்க்கச் சொன்னால் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

சார் எழுப்பிவிட்டுச் சொன்னார். சேதுபதிகளின் தலைநகரம் முதலில் போகலூர். மதுரை ரோட்டில் பஸ் நிற்காமல் போகிற அந்தச் சின்ன ஊர்தான். கிழவன் சேதுபதி என்ற ரகுநாத சேதுபதிதான் 17ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் இராமநாதபுரத்துக்குத் தலைநகரை மாற்றிக் கோட்டை கட்டினார். அவர் இறந்தது 1710இல். அவருக்கும் கீழக்கரை வள்ளல் சீதக்காதி மரைக்காயருக்கும் இருந்த நட்பு ஊரறிந்தது. "விஜய ரகுநாத" என்ற தன் பட்டத்தையே மரைக்காயருக்குக் கொடுத்தவர் சேதுபதி. இந்தக் கோட்டையும் அரண்மனையும் எழும்பியதில் சீதக்காதி கை உண்டு என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். கீழக்கரையில் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஜும்ஆ பள்ளிக்குள் போனால் கோயில் மண்டபம் மாதிரி கல் தூண்கள் வரிசையாக நிற்கும். தூணில் பூவும் கொடியும் இருக்கும், உருவம் மட்டும் இருக்காது. அந்தத் தூண்களைத் தினமும் பார்த்து வளர்ந்த எனக்கு இராமலிங்க விலாசத்துத் தூண்கள் பெரிய அதிசயமாகப் படவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் கட்டடத்தின் அமைப்பு அப்போதே மனசில் தங்கிவிட்டது. ராஜா கொலுவிருக்கும் மண்டபம்தான், ஆனாலும் கோயிலைப் போலக் கட்டியிருந்தார்கள். முதலில் அகலமான மகாமண்டபம். அதைவிடக் கொஞ்சம் உயரத்தில் அர்த்தமண்டபம். அப்புறம் கருவறை மாதிரி ஓர் உள்ளறை. உள்ளே போகப்போக மேலே ஏறுகிறோம். பெயரே இராமேசுவரத்து இராமலிங்கத்தின் பெயர்தானே. சேதுவைக் காக்கிறவர் சேதுபதி. நாடு அந்தச் சாமியுடையது, தான் காவல்காரன் என்று ஒரு ராஜா கட்டடத்தாலேயே சொல்லியிருக்கிறார் என்றார் சார்.

சுவர், விதானம் என்று ஓர் இடம் விடாமல் ஓவியம். கிழவனுக்கு அடுத்து வந்த முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்து வேலை அது. ஒரு பக்கம் தசரதன் யாகமும் இராமன் பிறப்பும். இன்னொரு பக்கம் தஞ்சாவூர் மராட்டியர்களோடு நடந்த சண்டை. யார் யார் என்று தமிழிலேயே பெயர் எழுதி வைத்திருந்ததால் அதை மட்டும் நாங்கள் விழுந்து விழுந்து படித்தோம். இராஜராஜேஸ்வரி அம்மன் கையால் சேதுபதி செங்கோல் வாங்குகிறார். மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் அவருக்கு இரத்தினத்தால் அபிஷேகம் செய்கிறார். தொப்பி வைத்த வெள்ளைக்காரர்கள் சேதுபதியைப் பார்க்க வந்து நிற்கிறார்கள். அந்தத் தொப்பிகளைப் பார்த்துத்தான் வகுப்பே சிரித்தது.

சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்து, படம் இல்லாத ஒரு தூணின் அடிப்பக்கம், என் பெயரின் முதல் எழுத்தைக் கீறினேன். ஊசி உள்ளே இறங்கவே இல்லை, வழுக்கிக்கொண்டு போனது. பல்லைக் கடித்து இரண்டாவது தடவை அழுத்தும்போது சார் கை என் காதில் இருந்தது.

அடிக்கவில்லை. "உங்க அப்பாவை நாளைக்கு இங்க வரச் சொல்லு" என்றார். பள்ளிக்கூடத்துக்குக் கூடக் கிடையாது, அரண்மனைக்கு.

அப்பா சுண்ணாம்புக் காளவாசலில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் எங்கள் கரையோரம் அது பெரிய தொழில். கடலிலிருந்து பவளப்பாறையை உடைத்து வள்ளத்தில் ஏற்றி வருவார்கள். கிளிஞ்சலும் சேரும். விறகோடு அடுக்கி எரித்து, வெந்த கல்லில் தண்ணீர் விட்டால் புஸ்ஸென்று பொங்கிப் பொடியாகும். அப்பாவின் விரல் நுனிகள் எப்போதும் வெடித்தே இருக்கும். ராத்திரி அதில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, கையைச் சோற்றுத் தட்டில் வைக்கும்போது முகத்தைச் சுளிப்பார்.

மறுநாள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். அவரும் அன்றுதான் முதல் தடவையாக உள்ளே நுழைகிறார். சார் என் கிறுக்கலைக் காட்டினார். அப்பா என்னைத் திட்டுவார் என்று நான் தலையைக் குனிந்திருந்தால், அவர் தூண் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, அந்தப் பூச்சை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருக்கிறார். "இது எப்படி அரைச்ச சுண்ணாம்பு தெரியுமா சார்? மாவு மாதிரி அரைச்சிருப்பாங்க. அடிப்பூச்சுக்குத்தான் மணலு. மேல்பூச்சு வழுவழுன்னு வர்ற வரைக்கும் கூழாங்கல்லை வச்சுத் தேய்ச்சிருக்கணும்." கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். சுண்ணாம்பு காற்றைக் குடித்துக் குடித்துத்தான் திரும்பக் கல்லாகும் என்றார். அது கரியமில வாயு என்று பத்தாம் வகுப்பில் படித்தபோது அப்பா முகம்தான் ஞாபகம் வந்தது.

அப்புறம் எழுந்து நடுவிரலை மடக்கி, படம் இல்லாத இடமாகப் பார்த்துச் சுவரைத் தட்டினார். டக், டக். இரண்டடி தள்ளித் தட்டினார். மொத்து, மொத்து. "கேட்டீங்களா? இங்க பூச்சு சுவத்தை விட்டு விலகிருச்சு. பார்க்கத் தெரியாது, சத்தம் சொல்லிரும்." சார் தானும் தட்டிப் பார்த்தார். கடைசியில் என் விவகாரத்தை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள்.

அந்த விரல்தான் எனக்கு இன்று வரை சோறு போடுகிறது. கோலாலம்பூரில் கட்டட சூப்பர்வைசர் வேலை. புது டைல்ஸ் பதித்த தரையிலும், பூசி முடித்த சுவரிலும் தட்டித் தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லாத இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவேன்.

இங்கே வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மெர்டேக்கா சதுக்கத்துக்குப் போனேன். எதிரே சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். 1897இல் முடிந்தது. சிவப்புச் செங்கல், நடுநடுவே வெள்ளைப் பூச்சுப் பட்டை, செம்புக் குமிழ்கள், 41 மீட்டர் மணிக்கூண்டு. ஆங்கிலேயர்கள் தங்கள் ஆபீஸ்களுக்காகக் கட்டியது. குமிழும் வளைவும் நம் ஊர்ப்பக்கம் ஏற்கெனவே பழகிப்போன பாணி. சென்னை ஐகோர்ட்டைப் பார்த்தவனுக்கு அது சொந்தக்காரர் வீடு மாதிரி இருக்கும். அழகான கட்டடம்தான். என் கண்ணுக்கு அது கொஞ்சம் வேஷம் போட்ட அழகு. இராமலிங்க விலாசம் வெளியே பார்த்தால் மொட்டையாக இருக்கும், எல்லாம் உள்ளேதான். எது உயர்ந்தது என்று எங்கள் சங்கத்திலேயே இரண்டு கட்சி உண்டு.

1999இல் இங்கே அரசு நிர்வாகம் புத்ராஜெயாவுக்கு மாறியது. உடன் வேலை பார்த்த சீனர் ஒருவர், தலைநகரத்தை யாராவது மாற்றுவார்களா என்று அலுத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு. போகலூரிலிருந்து இராமநாதபுரம் வந்த கதை ஒரு பக்கம். 1795இல் கம்பெனிப் படை முத்துராமலிங்க சேதுபதியைப் பிடித்துப்போய், அவர் 1809இல் சென்னையில் சிறையிலேயே இறந்தார். நாடு ஜமீனாகச் சுருங்கியது. 1910இல் இராமநாதபுரம் என்று ஒரு மாவட்டத்தை உண்டாக்கினார்கள், கலெக்டர் ஆபீஸை மதுரையில் வைத்தார்கள்! 1985இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரிக்கிற காலம் வரை, ஒரு மனு கொடுக்க எங்கள் ஊர்க்காரர்கள் மதுரைக்கு பஸ் ஏறினார்கள்.

காளவாசல்கள் இப்போது இல்லை. மன்னார் வளைகுடா 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 2001இல் பவளப்பாறைகளே சட்டப் பாதுகாப்புக்குள் வந்தன. அது நியாயம்தான். கீழக்கரைக்கு நேரே இருந்த பூவரசன்பட்டித் தீவு கடலுக்குள் போய்விட்டது. பாறையை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். அப்பா கடைசிக் காலத்தில் அந்தத் தீவைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

போன லீவில் ஊருக்குப் போனபோது, பேரனைக் கூட்டிக்கொண்டு அரண்மனை ஸ்டாப்பில் இறங்கினேன். டிக்கெட் எடுத்து உள்ளே போய் என் எழுத்தைத் தேடினேன். எந்தத் தூண் என்றே பிடிபடவில்லை. நான் நினைத்த தூணில் வெள்ளை அடித்திருந்தது. பேரன் தொப்பிக்காரர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் பழக்கதோஷத்தில் விரலை மடக்கித் தூணில் ஒரு தட்டுத் தட்டிவிட்டேன்.

வாசலில் இருந்த காவலர் குரல் கொடுத்தார். "பெரியவரே, சுவத்தைத் தொடாதீங்க. போர்டுல போட்டிருக்கு பாருங்க."

டக் என்றுதான் கேட்டது.