மாதத்தில் எத்தனை நாள் தலை வலிக்கிறது?

நரம்பியல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். யோசிக்காமல் சொன்னேன்: "நாலஞ்சு நாள் டாக்டர்." மாத்திரை? "வாரத்துக்கு ஒண்ணு இருக்கும்." எதனால் வருகிறது? "வெயில்ல போனா வரும்." மூன்று பதில்களையும் நான் நம்பித்தான் சொன்னேன். ஒன்பது வருடமாக ஒற்றைத் தலைவலியோடு இருப்பவளுக்குத் தன் வலியைப் பற்றித் தெரியாதா என்ன?

அவர் குறித்துக்கொண்டார். பிறகு, "ரெண்டு மாசம் எழுதிட்டு வாங்க. அதுக்கப்புறம் மருந்தைப் பத்திப் பேசலாம்" என்று அனுப்பிவிட்டார். வலியோடு போனவளைக் குறிப்பேடு எழுதச் சொல்கிறாரே என்று அன்று எனக்குக் கோபம்தான் வந்தது.

எழுத வேண்டியவை அதிகமில்லை. வலி தொடங்கிய நேரம், விட்ட நேரம், எந்தப் பக்கம், பத்துக்கு எவ்வளவு, குமட்டல் உண்டா, என்ன மாத்திரை, முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், மாதவிடாய் தேதி.

முதல் மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தேன். தலைவலி 19 நாள். மாத்திரை போட்டது 16 நாள். தப்பாக எண்ணிவிட்டேனோ என்று திரும்ப எண்ணினேன். அதே 16. சாதாரண வலி மாத்திரையைக்கூட மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை வரவழைக்கத் தொடங்கிவிடும் என்று பின்னால் மருத்துவர் விளக்கினார். சில வகை மாத்திரைகளுக்கு அந்த எல்லை 10 நாள்தான். "வாரத்துக்கு ஒண்ணு" என்று நான் சொன்னதை மட்டும் வைத்து மருந்து எழுதியிருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

வெயில்தான் காரணம் என்று நான் சொன்னதும் பொய்யாகிப் போனது. வெளியே அலைந்துவிட்டு வலியே இல்லாமல் இருந்த நாள்கள் ஏட்டில் நிறைய இருந்தன. ஆனால் மாதவிடாய்க்கு இரண்டு நாள் முன்னால் தொடங்கி, வந்த இரண்டாம் நாள் வரை தொடர்ச்சியாகக் கடுமையான வலி. அந்தச் சமயத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் அளவு இறங்குவது பலருக்கு ஒற்றைத் தலைவலியைத் தூண்டும். எப்போதோ ஒருநாள் வெயிலில் மயங்கி விழப்போனது மனதில் அழுத்தமாகப் பதிந்திருந்ததால், எல்லா வலிக்கும் அதையே காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டாம் மாதம் நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். வேலை நெருக்கடியில் பன்னிரண்டு நாள் எழுதவில்லை. மருத்துவரைப் பார்க்கும் நாளுக்கு முந்தைய இரவு உட்கார்ந்து, நினைவிலிருந்து எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன். அந்தப் பன்னிரண்டு நாளில் வலி மூன்று நாள் என்று எழுதினேன். மேசை இழுப்பறையைத் திறந்தால் அந்த நாள்களில் வாங்கிய பத்து மாத்திரை அட்டை காலியாகக் கிடந்தது. அதை என்னைத் தவிர வேறு யாரும் போடவில்லை. அந்தப் பக்கத்தைக் குறுக்கே கோடிட்டு அடித்துவிட்டு, காலி அட்டையையும் எடுத்துக்கொண்டு போனேன்.

இது என் ஒருத்தியின் பழக்கம் இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நாள்பட்ட வலி உள்ளவர்களுக்குக் குறிப்பேடு கொடுத்து, ஏட்டை எப்போது திறந்து மூடுகிறார்கள் என்பதைப் பதிவுசெய்யும் ஒளி உணர்கருவியை அவர்களுக்குத் தெரியாமல் அதற்குள் வைத்து நடத்திய ஆய்வு 2002-ல் வெளிவந்தது. தாளில் இருந்ததை நம்பினால் 90 சதவீதப் பதிவுகள் உரிய நேரத்தில் எழுதப்பட்டவை. கருவி சொன்னது 11 சதவீதம். ஏடு இருந்தால் மட்டும் போதாது, எழுதும் நேரமும் முக்கியம். அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: விட்டுப்போன நாளை நிரப்பக் கூடாது. கட்டத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

மருத்துவர் மேற்பார்வையில் வலி மாத்திரையை நிறுத்தினோம். இதுதான் மிகக் கடினமான கட்டம். நிறுத்திய முதல் சில நாள்கள் வலி கூடும் என்று முன்பே சொல்லியிருந்தார், கூடியது. எட்டாம் நாள் இரவு அழுதுகொண்டே அக்காவிடம் சொன்னேன்: "ஒண்ணும் குறையலக்கா. திரும்ப மாத்திரை போடப்போறேன்." அவள் ஏட்டை எடுத்து வாசித்தாள். "இரண்டாம் நாள் பதினோரு மணி நேரம். நாலாம் நாள் ஒன்பது. ஆறாம் நாள் ஆறு. இன்னிக்கு நாலு. நீதான்டி எழுதியிருக்க."

என் தலைக்குள் இருந்தது அந்த இரண்டாம் நாள் மட்டும்தான். உளவியலாளர் கானமனும் மருத்துவர் ரெடெல்மையரும் 1996-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: பெருங்குடல் பரிசோதனை செய்துகொண்டவர்கள் பின்னால் வலியை மதிப்பிட்டபோது, உச்சத்தில் எப்படி இருந்தது, முடிவில் எப்படி இருந்தது என்பதே அதிகம் எண்ணப்பட்டது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பது பெரிதாகக் கணக்கில் வரவில்லை. நேரம் குறைந்துகொண்டே வந்ததை என் நினைவும் கணக்கில் எடுக்கவில்லை. ஏடு எடுத்திருந்தது. அன்றிரவு மாத்திரை போடவில்லை.

இப்போது மூன்றாவது ஏடு. மாதத்தில் ஐந்தாறு நாள் வலி, மாத்திரை மூன்று நாளைத் தாண்டுவதில்லை. சில கட்டங்களை விட்டுவிட்டேன். தொடங்கிய நேரம், விட்ட நேரம், அளவு, மாத்திரை, மாதவிடாய் இவை போதும் என்று மருத்துவர் சொன்னார். படுக்கைக்குப் பக்கத்தில் பென்சிலைக் கட்டிவைத்திருக்கிறேன், வெளிச்சம் கண்ணைக் குத்தும் நேரத்திலும் கைக்குத் தட்டுப்படும்படி.

போன மாத ஏட்டில் மூன்று கோடுகள் இருக்கின்றன. அந்த மூன்று நாளும் நன்றாகத்தான் இருந்தேன் என்று மனது சொல்கிறது. மருத்துவரிடம் 28 நாள் கணக்கை மட்டும்தான் கொடுத்தேன்.