மூன்றாவது ஜர்னி

"அப்பா, ஜர்னின்னு மூணு தடவை வந்துடுச்சு. கடைசியில ட்ரிப்னு மாத்திடவா?"

மகள் ஆங்கிலக் கட்டுரை நோட்டை நீட்டினாள். கேட்பதற்கு முன்பே பாதி அழித்திருந்தாள். ரப்பர் தேய்த்ததில் தாள் மெலிந்து, முதல் எழுத்தின் வால் மட்டும் மிச்சம்.

அந்த வரி, அவள் பாட்டி நோயிலிருந்து மீண்டு வந்ததைப் பற்றியது.

அதைப் போய் ட்ரிப் என்று எழுத முடியுமா? ட்ரிப் என்றால் போனோம், வந்தோம், அவ்வளவுதான். ஜர்னியில் போனவர் கொஞ்சம் வேறு ஆளாகத் திரும்புகிறார். வாயேஜ் என்றாலோ கூடவே கடலும் வந்துவிடும்.

ஜர்னி பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். உள்ளே இருப்பது 'நாள்'. ஒரே நாளில் கடக்கிற தூரத்தைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்கள். டிராவலின் உடன்பிறப்பு டிராவெயில். கடும் உழைப்பு, பிரசவ வலி என்று பொருள். வழிநடை அன்று அவ்வளவு வாதை.

நம்மிடமும் இப்படி ஒன்று உண்டு. சங்கப் பாடல்களில் 'செலவு' என்றால் பயணம். பொருள் தேடப் புறப்பட்டவன், காதலியைப் பிரிய மனமில்லாமல் போக்கைத் தள்ளிப்போட்டால் அது 'செலவழுங்குதல்'. அந்தத் தயக்கத்துக்கே ஒரு பெயர்! இன்று செலவு என்றால் காசு மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சரி, மூன்று தடவை வந்தால் வரட்டும் என்றேன்.

தேய்ந்த அதே இடத்தில், தாள் கிழியாமல், மெதுவாக மறுபடி ஜர்னி என்று எழுதினாள்.